மாடிப்படிக்கு அடியில் வேண்டாம், பின்சுவர் ஓரம் கட்டுங்கள்

கேள்வி:

பினாங்கின் ஆயர் ஈத்தாமில், பண்டார் பாரு பக்கம் எங்களுக்கு இரண்டு மாடி வரிசை வீடு. 1980களில் கட்டியது. எங்களுக்கு விற்றவர் குசினியைப் பின்னால் இழுத்துக் கட்டியபோது, கீழே இருந்த ஒரே குளியலறையை ஸ்டோராக மாற்றிவிட்டார். இப்போது கழிவறை மாடியில் மட்டும்தான். தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் கெடாவிலிருந்தும் ஈப்போவிலிருந்தும் உறவினர்கள் வந்தால், எல்லாரும் எங்கள் படுக்கை அறையைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது. அதனால் கீழே சின்னதாக, அழகாக, உட்காரும் கோப்பையும் கைகழுவும் தொட்டியும் மட்டும் உள்ள ஒரு விருந்தினர் கழிவறை கட்ட ஆசை.

என் கணவர் மாடிப்படிக்கு அடியில் கட்டலாம் என்கிறார். அங்கே 1.6 மீட்டர் நீளம், 0.9 மீட்டர் அகலம் இருக்கிறது. உயரம் ஒரு முனையில் 2.1 மீட்டர், மறுமுனையில் 1.1 மீட்டர். ஆனால் அந்தச் சுவருக்கு மறுபக்கம்தான் சாமி மேடை. மாமியாருக்குத் துளியும் சம்மதம் இல்லை. ஸ்டோர் 1.9 மீட்டருக்கு 1.3 மீட்டர். அதில் பின்சந்தைப் பார்த்து ஒரு சன்னல் உண்டு. குத்தகையாளர், "படிக்கு அடியில் ஒரு பம்ப் வைத்தால் போதும், மாநகர் கழக அனுமதியும் தேவையில்லை" என்கிறார். கரும்பச்சைச் சாயம், தங்க நிறக் குழாய், பழைய ஜார்ஜ்டவுன் வீடுகளில் உள்ளது போன்ற பூ வேலைப்பாட்டுத் தரை என்று மனத்தில் வைத்திருக்கிறேன். மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் பூஞ்சணம் அதிகம். மாமியாருக்கு வயது 76, முழங்கால் வலி. எங்கே, எப்படிக் கட்டுவது?

— வாசகி, ஆயர் ஈத்தாம்

பதில்:

அன்புச் சகோதரிக்கு, முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழ்த்தளத்தில் கழிவறை கட்டாயம் வேண்டும். ஆனால் மாடிப்படிக்கு அடியில் வேண்டாம். ஸ்டோராகக் கிடக்கும் அந்தப் பழைய குளியலறையையே மீட்டெடுங்கள்.

உங்கள் கடிதத்தில் விருந்தினர் முதலில் வருகிறார்கள். மாமியார் கடைசி வரியில் வருகிறார். இந்த வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள் என்பதுதான் நான் சொல்ல விரும்பும் முக்கியமான விஷயம். விருந்தினர் வருடத்தில் சில நாள் வருவார்கள். 76 வயதில், முழங்கால் வலியோடு, உங்கள் மாமியார் ஒவ்வோர் இரவும் படி ஏறி இறங்குகிறார். அவருக்குப் பொருந்தும்படி கட்டிய அறை எல்லா விருந்தினருக்கும் பொருந்தும். விருந்தினர் கண்ணுக்காக மட்டும் கட்டிய அறை அவருக்குப் பொருந்தாது.

ஏன் பின்சுவர் ஓரம்?

ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளைப் பார்த்தால், கழிவறை பெரும்பாலும் வீட்டின் கடைக்கோடியில் இருக்கும். வாளிக் கழிவறைக் காலத்தில் பின்சந்து வழியாகத் தொழிலாளர்கள் வந்து வாளியை எடுத்துப் போனார்கள். பிறகு செப்டிக் தொட்டியும் கழிவுநீர்க் குழாயும் வந்தபோது அவையும் பெரும்பாலும் அதே பக்கத்தில் அமைந்தன. உங்கள் தாமானில் உள்ளது போன்ற வரிசை வீடுகளுக்கும் அதே அமைப்புதான். குளியலறையைக் குசினியை ஒட்டிப் பின்னால் வைத்தவர்கள் காரணத்தோடுதான் வைத்தார்கள்.

அந்தக் காரணம் குழாயின் சாய்வு. கழிவறைக் கோப்பையிலிருந்து போகும் குழாய் 100 மில்லிமீட்டர் விட்டம் உள்ளது. அது 40 மீட்டருக்கு 1 மீட்டர் என்ற அளவில் சரிந்து போனால் தண்ணீரும் திடக்கழிவும் சேர்ந்து ஓடும். சாய்வு குறைந்தால் கழிவு தங்கி அடைக்கும். மாடிப்படியிலிருந்து பின்பக்க மேன்ஹோல் 8 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் குழாய் வழிநெடுக 20 சென்டிமீட்டர் இறங்க வேண்டும். அதற்கு உங்கள் கூடத்தையும் குசினியையும் நீளவாக்கில் உடைத்துத் தோண்ட வேண்டும். ஸ்டோரிலிருந்து மேன்ஹோலுக்கு ஒன்றரை மீட்டர் என்றால் 4 சென்டிமீட்டர் இறக்கமே போதும்.

பம்ப் வைத்தால் தோண்ட வேண்டாம் என்று குத்தகையாளர் சொல்வது உண்மைதான். கழிவை அரைத்து மெல்லிய குழாய் வழியாகத் தள்ளும் இயந்திரம் அது. ஆனால் மின்சாரம் போனால் அது நின்றுவிடும். ஈரத் துடைப்புத்தாளோ சானிட்டரி பேடோ தெரியாமல் உள்ளே போனால் சிக்கிக்கொள்ளும். வேறு வழியே இல்லாத வீட்டுக்கு அது உதவும். வழி இருக்கிற வீட்டில், அதுவும் மூத்தவர் ஒருவர் தினமும் நம்பியிருக்கப்போகிற கழிவறையில், அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

படிக்கு அடியில் அளவும் இடிக்கிறது. நம் நாட்டின் 1984ஆம் ஆண்டு சீரான கட்டட உபவிதிகள், உட்காரும் கோப்பை உள்ள கழிவறைக்குக் குறைந்தது 1.5 மீட்டருக்கு 0.75 மீட்டர் இடமும், 2 மீட்டர் கூரை உயரமும் கேட்கின்றன. உங்கள் இடம் தரை அளவில் தேறுகிறது. உயரத்தில் பாதிக்கு மேல் தேறவில்லை. எழுந்து நிற்கும்போது தலை இடிக்கும் அறையில் வயதானவரை விடக்கூடாது.

மாமியாரின் மறுப்புக்கும் மதிப்புக் கொடுங்கள். சாமி மேடைக்கும் கழிவறைக்கும் ஒரே சுவர் இருக்கக்கூடாது என்பது நம் வீடுகளில் பலர் இன்றும் கடைப்பிடிக்கும் வழக்கம். அவர் தினமும் கும்பிடும் இடத்துக்குப் பின்னால் பிளஷ் சத்தம் கேட்டால் அவர் மனம் ஒட்டாது. ஸ்டோரைத் தேர்ந்தெடுத்தால் இந்தப் பேச்சே எழாது. வீட்டில் வாஸ்து பார்ப்பவர்கள் இருந்தால், ஸ்டோர் ஈசானிய மூலையில் விழுகிறதா என்று வேலை தொடங்கும் முன்பே பார்த்துப் பேசி முடித்துவிடுங்கள். சுவர் எழும்பிய பிறகு வரும் மனக்குறையைச் சாயம் பூசி மறைக்க முடியாது.

அனுமதி பற்றி

அனுமதி தேவையில்லை என்ற வாய்ச்சொல்லை நம்பாதீர்கள். 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம் வீட்டு மாற்றங்களையும் கட்டுப்படுத்துகிறது. புதிய கழிவறை என்பது கழிவுநீர் இணைப்பைத் தொடும் வேலை. கொம்தாரில் உள்ள பினாங்கு மாநகர் கழக அலுவலகத்தில் கட்டடப் பிரிவுக்குப் போய், வீட்டின் மூல வரைபடத்தைக் காட்டி, உங்கள் வேலைக்கு எந்த வகை அனுமதி வேண்டும் என்று கேளுங்கள். அதே நேரத்தில், முன்பிருந்தவர் இழுத்துக் கட்டிய குசினிக்கு அனுமதி இருந்ததா என்றும் பாருங்கள். இல்லையென்றால் வீட்டை விற்கும்போதோ பக்கத்து வீட்டார் புகார் கொடுக்கும்போதோ அது உங்கள் தலையில்தான் விழும்.

மூல வரைபடத்தில் கீழ்த்தளக் குளியலறை இருக்கும். இருந்ததைத் திரும்பக் கட்டுகிறேன் என்று சொல்வது, புதிதாகப் படிக்கு அடியில் கட்டுகிறேன் என்பதைவிட விளக்குவதற்கு எளிது.

ஆட்களைப் பொறுத்தவரை, சிஐடிபி என்னும் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில் பதிந்த குத்தகையாளரைத் தேர்ந்தெடுங்கள். தண்ணீர்க் குழாய்க்கு உரிமம் பெற்ற பிளம்பரும், விளக்குக்கும் காத்தாடிக்கும் உரிமம் பெற்ற வயர்மேனும் வேண்டும். உங்கள் எல்லைக்குள் இருக்கும் கழிவுக் குழாயைப் பராமரிப்பது உங்கள் பொறுப்பு. தெருவில் ஓடும் பொதுக் குழாய் மட்டுமே கழிவுநீர் நிறுவனமான இண்டா வாட்டரின் பொறுப்பு. ஆகவே உள்ளே செய்யும் தவறுக்கு நீங்கள்தான் செலவு செய்வீர்கள்.

தரைக்கு அடியில் செய்ய வேண்டியவை

பத்து ரிங்கிட் கையில் இருந்தால், ஆறு ரிங்கிட்டைக் கண்ணுக்குத் தெரியாத வேலைக்கு ஒதுக்குங்கள்.

பழைய குழாயைத் தேடுங்கள். ஸ்டோரின் தரை ஓட்டை எடுத்தால், மூடி அடைத்த பழைய குழாய் வாய் தெரியக்கூடும். பிளம்பரிடம் கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வெடிப்போ வேரோ இல்லாமல் இருந்தால் அதையே பயன்படுத்தலாம். சுவரிலிருந்து குழாயின் நடுப்புள்ளி எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது என்று அளந்து எழுதிக்கொண்ட பிறகே கடைக்குப் போய்க் கோப்பை வாங்குங்கள். இந்த ஒரே அளவைப் பார்க்காமல் வாங்கிய கோப்பைகள் பல, திரும்பக் கடைக்கே போகின்றன.

கைகழுவும் தொட்டியின் தண்ணீரைப் பின்சந்துக் கால்வாயில் விடச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். சோப்புத் தண்ணீர் கழிவுக் குழாயில்தான் சேர வேண்டும். மழைத் தண்ணீர் மட்டும் கால்வாய்க்குப் போகட்டும். அதைக் கழிவுக் குழாயில் சேர்த்துவிடாதீர்கள்.

உங்கள் கழிவறையில் குளியல் இல்லை என்றாலும் தரையில் தண்ணீர் வடிய ஃப்ளோர் டிராப் கட்டாயம் வேண்டும். நம் வீட்டில் தண்ணீர்க் குழலும் வாளியும் இல்லாமல் கழிவறை கிடையாது. துக்க வீட்டுக்குப் போய் வந்தால் பின்பக்கமாக நுழைந்து கால் கழுவுவதற்கும் இந்த அறைதான் பயன்படும். தரை 80 முதல் 100 சென்டிமீட்டருக்கு 1 சென்டிமீட்டர் என்ற அளவில் அந்த டிராப்பை நோக்கிச் சரிய வேண்டும்.

ஓடு பதிக்கும் முன் நீர்த்தடுப்புப் பூச்சு இரண்டு கை அடித்து, சுவரிலும் 30 சென்டிமீட்டர் ஏற்றச் சொல்லுங்கள். காய்ந்ததும் வாய்களை அடைத்துத் தண்ணீர் கட்டி, குறைந்தது 24 மணி நேரம் விட்டு, மட்டம் இறங்குகிறதா என்று பாருங்கள். கீழ்த்தளம்தானே, யார் வீட்டில் ஒழுகப்போகிறது என்று இதைத் தவிர்ப்பவர்கள் உண்டு. வரிசை வீட்டில் பக்கத்துச் சுவர் இரண்டு குடும்பத்துக்கும் பொது. உங்கள் ஈரம் அவர்கள் சுவரில் உப்புப் பூக்கும். அதே காரணத்தால் பொதுச் சுவரை வெட்டிக் குழாய் புதைக்கவும் விடாதீர்கள். முன்னால் இடுப்பளவுக்கு ஒரு குட்டைச் சுவர் எழுப்பி, குழாய்களை அதற்குள் வைத்தால், மேல்பகுதி சோப்பும் துண்டும் வைக்கும் தட்டாகிவிடும்.

ஆயர் ஈத்தாம் கொடிமலையின் அடிவாரம். மலைமேல் பெய்யும் மழை கீழே விரைந்து வந்துவிடும். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கு கண்ட பெருவெள்ளத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். உங்கள் வீடு தாழ்வான வரிசையில் இருந்தால், வெளியே போன தண்ணீர் திரும்ப வராமல் தடுக்கும் ஒருவழி வால்வைக் குழாயில் பொருத்த முடியுமா என்று பிளம்பரிடம் கேளுங்கள். வெள்ளம் வடிந்தபின் தரையைக் கழுவுவதைவிட அது மலிவு.

காற்றும் பூஞ்சணமும்

உங்கள் ஸ்டோருக்குச் சன்னல் இருப்பது பெரிய வரம். ஒவ்வொரு கழிவறைக்கும் குறைந்தது 0.2 சதுர மீட்டர் திறப்பு, காற்று தடையில்லாமல் வந்து போகும்படி இருக்க வேண்டும் என்பது உபவிதி. அதாவது 50 சென்டிமீட்டருக்கு 40 சென்டிமீட்டர். உங்கள் சன்னல் அதைவிடச் சிறியதென்றால் பெரிதாக்குங்கள். கண்ணாடிப் பட்டைச் சன்னல் வைத்து, கொசுவலையும் போடுங்கள்.

கூடவே சுவரில் ஒரு சிறிய வெளியேற்றும் காத்தாடி வையுங்கள். விளக்கை அணைத்த பிறகும் சில நிமிடம் ஓடும் வகை நல்லது. அதன் காற்று பின்சந்துக்கே போக வேண்டும். குசினிக்குள்ளோ கூரைக்குள்ளோ போகக்கூடாது. கதவுக்கு அடியில் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். உள்ளே வரக் காற்றுக்கு வழியில்லாவிட்டால் எத்தனை பெரிய காத்தாடியும் வெறுமனே சுழலும்.

நாற்றத்துக்குப் பெரும்பாலும் காரணம் டிராப்பில் தண்ணீர் வற்றிப்போவது. அங்கே நிற்கும் சிறு அளவு தண்ணீர்தான் குழாய்க் காற்றை மேலே வராமல் தடுக்கிறது. நீண்ட நாள் ஊருக்குப் போய் வந்தால் முதலில் டிராப்பில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுங்கள். வாளியில் தண்ணீர் நிரப்பி வைக்கும் பழக்கம் வேண்டாம். டெங்கிக் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். தேங்கிய தண்ணீரில் அதன் குடம்பிகள் கிடந்தால் 1975ஆம் ஆண்டின் பூச்சி ஒழிப்புச் சட்டப்படி அபராதமும் உண்டு.

மாமியாருக்காக

கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும், அல்லது பக்கவாட்டில் நகரட்டும். உள்ளே விழுந்தவர் கதவின்மேல் சாய்ந்து கிடந்தால், உள்பக்கம் திறக்கும் கதவை யாராலும் திறக்க முடியாது. தாழ்ப்பாள், வெளியிலிருந்து ஒரு காசை வைத்துத் திருகித் திறக்கக்கூடியதாக இருக்கட்டும். கதவின் திறப்பு 80 சென்டிமீட்டருக்குக் குறைய வேண்டாம். வாசலில் படி வேண்டாம். தண்ணீர் வெளியே வராமல் தடுக்கத் தரையின் சரிவே போதும்.

கோப்பையின் இருக்கை 45 முதல் 48 சென்டிமீட்டர் உயரம் இருந்தால் முழங்காலுக்குச் சுலபம். அதன் பக்கத்துச் சுவரில் பிடித்து எழுவதற்கு ஒரு கம்பி வேண்டும். துண்டு மாட்டும் கம்பி ஓர் ஆளின் எடையைத் தாங்காது. பிடிமானக் கம்பி என்றே விற்பதை வாங்கி, செங்கல்லில் ஆழப் பதியுங்கள். ஓடு பதிக்கும் முன்பே மாமியாரை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, எழும்போது அவர் கை எங்கே போகிறது என்று பார்த்துச் சுவரில் குறித்துக்கொள்ளுங்கள். கூடத்திலிருந்து கழிவறை வரை இரவில் தானாக எரியும் சிறு விளக்குகளும் போடுங்கள்.

இனி அலங்காரம்

உங்கள் ஆசைகளில் எதையும் விட வேண்டியதில்லை. இடம் மாற்றினால் போதும்.

பூ வேலைப்பாட்டு ஓடு: ஜார்ஜ்டவுன் வீடுகளில் நீங்கள் ரசித்த தரை பெரும்பாலும் சிமெண்டில் செய்தது. அது ஈரத்தை உறிஞ்சும். சோப்பும் அமிலமும் பட்டால் கறையாகும். எப்போதும் நனையும் தரைக்கு அது ஆகாது. அதே வடிவம் அச்சிட்ட போர்சலின் ஓடு கிடைக்கிறது. தரைக்கு ஆர்11 என்று குறிக்கப்பட்ட, வழுக்காத ஓட்டை வாங்குங்கள். உண்மையான சிமெண்ட் ஓடுதான் வேண்டும் என்றால், கைகழுவும் தொட்டிக்கு எதிர்ச்சுவரில், தண்ணீர் தெறிக்காத இடத்தில் ஒரு பட்டையாகப் பதியுங்கள். தாமரை, கோலம் போன்ற வடிவங்களைத் தரையில் போட வேண்டாம். கழிவறையில் அவற்றை மிதிக்க நம் பெரியவர்களுக்குக் கால் வராது. கொடி, இலை, நட்சத்திர வடிவங்கள் நிறைய இருக்கின்றன.

தரை நிறம்: வெள்ளைக் கோப்பைக்கு வெள்ளைத் தரை வேண்டாம். கண் மங்கியவர்களுக்கு இருக்கையின் விளிம்பு தெரியாது. உங்கள் பச்சையைத் தரைக்கே கொண்டுவாருங்கள். பச்சைத் தரையில் வெள்ளைக் கோப்பை பளிச்சென்று தெரியும், பார்க்கவும் அழகு.

சுவர்: இடுப்புக்குச் சற்று மேல்வரை வெளிறிய ஓடு; அதற்குமேல் பூஞ்சணத்தைத் தாங்கும் கரும்பச்சைச் சாயம். சாயம் அடிக்கும் முன் சுவர் முழுதாகக் காய்ந்திருக்க வேண்டும். கூரையை வெள்ளையாக விடுங்கள்.

கண்ணாடியும் விளக்கும்: தொட்டிக்கு மேலே, சுவரின் அகலத்துக்கு ஒரே கண்ணாடி வைத்தால் அறை பெரிதாகத் தெரியும். கூரையில் ஒற்றை விளக்கு மட்டும் இருந்தால் முகத்தில் நிழல் விழும். கண்ணாடியின் இரண்டு பக்கமும் முக உயரத்தில் விளக்கு இருந்தால், பொட்டும் பூவும் சரிசெய்து புடவையை ஒழுங்குபடுத்திக்கொள்ள வசதி. 3000 முதல் 4000 கெல்வின் வரை உள்ள வெளிச்சம் தோல் நிறத்தை இயல்பாகக் காட்டும்.

தங்க நிறக் குழாய்: பித்தளை உடலின்மேல் பிவிடி முறையில் நிறம் ஏற்றியதா என்று கேட்டு வாங்குங்கள். மெல்லிய முலாம் சீக்கிரம் உரியும். வாங்கியபின் அதன்மேல் அமிலக் கழுவுநீர் படக்கூடாது. ஈரத் துணியும் மிதமான சோப்பும் போதும். கைப்பிடி, திருகுவதாக இல்லாமல் நெம்புவதாக இருந்தால் விரல் வலி உள்ளவர்களுக்கு நல்லது.

பிளஷ் தொட்டி: 6 லிட்டர், 3 லிட்டர் என இரட்டைப் பொத்தான் உள்ளதை வாங்குங்கள். செடி வைக்க ஆசைப்பட்டால் மண்ணில் வையுங்கள். தண்ணீர்ப் போத்தலில் மணிபிளாண்ட் வைத்தால் கொசு வளரும். சாமி படம் எதுவும் இந்த அறைக்குள் வேண்டாம் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு

ஆயர் ஈத்தாமில் அடுக்குமாடி வீடுகளும் ஏராளம். அங்கே இதே ஆசை உள்ளவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். கட்டட நிர்வாகத்தின் எழுத்துபூர்வமான அனுமதி இல்லாமல் கழிவறையை இடம் மாற்றவோ புதிதாகச் சேர்க்கவோ கூடாது. 2015ஆம் ஆண்டின் அடுக்குமாடிப் பராமரிப்பு, நிர்வாக ஒழுங்குமுறைகளின்படி, கீழ்வீட்டுக் கூரையில் கசிவு தெரிந்தால், வேறு காரணம் நிரூபிக்கப்படும்வரை மேல்வீட்டிலிருந்து வருவதாகவே கொள்ளப்படும். கீழ்வீட்டாரின் படுக்கைக்கு மேலே உங்கள் கழிவறை வரக்கூடாது என்பது அண்டை வீட்டு மரியாதையும்கூட.

வேலையின் வரிசை

முதலில் மூல வரைபடம், மாநகர் கழகம். அடுத்து, பழைய குழாயைக் கேமராவில் பார்ப்பது. பிறகு குழாய், சாய்வு, நீர்த்தடுப்பு, தண்ணீர் கட்டிச் சோதிப்பது. அதற்குப் பின்தான் ஓடு, சாயம், தங்க நிறக் குழாய், கண்ணாடி. குத்தகையாளருக்குப் பணத்தையும் இதே வரிசையில் பிரித்துக் கொடுங்கள். தண்ணீர்ச் சோதனை தேறிய பிறகு மட்டும் ஓட்டுக்கான தவணையைக் கொடுங்கள். குழாய் போகும் பாதையைத் தரை மூடும் முன் படம் எடுத்து, அளவு எழுதி, வரைபடத்தோடு சேர்த்து வையுங்கள். நாளை அடைப்பு வந்தால் முழுத் தரையையும் உடைக்க வேண்டியிருக்காது.

பணம் பற்றாமல் போனால் தங்க நிறக் குழாயையும் பூ ஓட்டையும் அடுத்த வருடத்துக்குத் தள்ளி வையுங்கள். அவற்றை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். சாய்வு, நீர்த்தடுப்பு, சன்னல், பிடிமானக் கம்பி ஆகிய நான்கை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். வேலை தொடங்கும் முன் மாமியாரிடம் வரைபடத்தைக் காட்டி, அவர் சொல்வதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.